சத்தம் போடாத சைக்கிள்

"சைக்கிள் ஓட்டிட்டு வர்றீங்களா, இல்ல பழைய இரும்புக் கடையை இழுத்துட்டு வர்றீங்களா?" என்றார் தலைமை நூலகர்.

வாசிப்பறையில் எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. துணை நூலகர் தலையைச் சொறிந்தார்.

"அப்பாவோட வண்டி சார். மாடிப்படிக்கு அடியில கிடந்துச்சு. துருவெல்லாம் தேய்ச்சு, புது டயர் போட்டு இப்பதான் ஓடுது. கொஞ்சம் முனகுது."

"இது நூலகம். இனிமே சத்தம் கேட்டா வண்டி காம்பவுண்டுக்குள்ள வரக்கூடாது. இதுதான் கடைசி எச்சரிக்கை."

காம்பவுண்டுக்கு வெளியே நிறுத்திய சைக்கிள் சொந்தக்காரருக்குத் திரும்பக் கிடைத்ததாகச் சரித்திரம் இல்லை. சைக்கிள் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்வர முடியாது. அம்மா போனதிலிருந்து அப்பா தனியாகச் சாப்பிட உட்காருவதில்லை. சும்மா தட்டைக் கழுவி வைத்துவிட்டு, சாப்பிட்டாச்சு என்று பொய் சொல்வார். துணை நூலகருக்கு அது தாங்கவில்லை. அதற்காகத்தான் சைக்கிளையே தூசி தட்டினார்.

அன்று சாயங்காலமே பெடலுக்கு எண்ணெய் விட்டார். கிறீச் நின்றது. அது நின்றதும், அதுவரை அதில் அமுங்கிக் கிடந்த மட்கார்டின் கடகட கேட்க ஆரம்பித்தது. மட்கார்டை முறுக்கினார். அது டயரில் உரசிக்கொண்டு அழுதது.

அப்பா குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டார். "எனக்கு ஒண்ணும் கேக்கலையே. நல்ல வண்டிடா."

அப்பாவுக்கு வாசல் மணியே கேட்காது. வண்டி கடைக்குப் போயிற்று. சைக்கிள் கடைக்காரர் எல்லாவற்றையும் கழற்றி மாட்டிக் கொடுத்தார்.

மறுநாள் மத்தியானம், அப்பாவோடு சாப்பிட்டுவிட்டுத் துணை நூலகர் பூனை மாதிரி வந்து இறங்கினார். பெருமை தாங்காமல் நேரே தலைமை நூலகர் அறைக்குப் போனார். அவரோ ஒரு தடித்த புத்தகத்தில் மூக்கு படும் அளவுக்கு மூழ்கியிருந்தார். கூப்பிட்டும் நிமிரவில்லை. 'படிச்சா இப்படிப் படிக்கணும்' என்று மெய்சிலிர்த்து, துணை நூலகர் ஓசைப்படாமல் வெளியே வந்தார். சாயங்காலம் அதை அவரிடமே சொல்லியும்விட்டார்.

தலைமை நூலகர் முகம் வெளிறியது. "உள்ள வந்தீங்களா? வண்டிச் சத்தமே கேக்கலையே!"

"சுத்தமா நின்னுடுச்சு சார்!"

"அப்படியா" என்றார் அவர், சுரத்தே இல்லாமல்.

மறுநாள் சாப்பாட்டுக்குக் கிளம்பும்போது கேரியர் ஆடியது. துணை நூலகர் சாயங்காலம் வீட்டில் அதை முறுக்கினார். அடுத்த நாள் மட்கார்டு ஆடியது, அதற்கடுத்த நாள் செயின் கவர். காலையில் வாயைத் திறக்காமல் வரும் வண்டி, மத்தியானம் ஊரைக் கூட்டியது.

"என் வேலையில குத்தம் இல்ல சார். நீங்க உக்கார்ற விதம்தான் சரியில்ல" என்றார் கடைக்காரர்.

உட்காரும் விதத்தை மாற்றியதில் இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். கடைசி எச்சரிக்கை தினமும் வந்தது. எச்சரிப்பவர் முகத்தில் மட்டும் என்னவோ ஒரு தெளிவு.

துணை நூலகர் ரோஷக்காரர். இன்னொரு கடைசி எச்சரிக்கையைக் கேட்க அவருக்கு மனசில்லை. சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேனிடம் போனார்.

"நாளையிலேர்ந்து இந்த வண்டி வராதுப்பா. பஸ்ஸுல வந்துக்கறேன். மத்தியானம் அப்பா சாப்பிட மாட்டார், அதான் மனசு கேக்கல."

வாட்ச்மேன் பதறி எழுந்தார். அவர் மடியிலிருந்து ஒரு ஸ்பானர் 'ணங்' என்று கீழே விழுந்தது.

"ஐயோ, அப்படி மட்டும் செஞ்சுடாதீங்க சார்! நட்டை லூஸ் பண்றது நான்தான், பண்ணச் சொல்றது பெரிய சார். நீங்க வர்ற சத்தம் கேட்டாதானே அவர் முழிச்சுக்க முடியும்!"