கொள்ளா, பருத்திக்கொட்டையா?

ஏழு கடல் தாண்ட வேண்டாம், ஏழு மலை ஏறவும் வேண்டாம்; கொஞ்சம் கண்ணை மூடினாலே வந்துவிடும் சக்கரநாடு. அந்த நாட்டில் ஒருவர் நல்லவரா கெட்டவரா என்று யாரும் விசாரிப்பதில்லை. "உங்க வீட்ல குதிரையா, மாடா?" என்றுதான் கேட்பார்கள். குதிரை வண்டி விலை குறைவு, சத்தமில்லாமல் ஓடும்; ஆனால் குதிரைக்குக் கொள்ளு வேண்டும், கொள்ளோ யானை விலை. மாட்டு வண்டி வாங்கும்போது கையைக் கடிக்கும், ஓடும்போது கடகடக்கும்; ஆனால் பருத்திக்கொட்டை மலிவு, ஒரு வேளை வைத்தால் இரட்டைத் தூரம் போகும். இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல முடியாமல் அண்ணன் தம்பிகள் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டதும் உண்டு.

பாய் வியாபாரி ஆவுடையப்பனுக்கு வண்டி தேவைப்பட்டது பெருமைக்கு அல்ல. அவன் மனைவி செண்பகத்துக்கு இழுப்பு. மூச்சு முட்டினால் மூன்று கல் தொலைவில், பாலத்துச் சுங்கச்சாவடிக்கு அப்பால் இருக்கும் வைத்தியசாலைக்கு உடனே கொண்டுபோயாக வேண்டும். அந்தச் சமயம் பார்த்துப் பருத்திக்கொட்டைக்கு அரசு மானியம் கொடுத்தது. "மாடே இந்நாட்டின் எதிர்காலம்" என்று தீவன மந்திரி முரசறைவித்தார். ஆவுடையப்பன் செண்பகத்தின் வளையல்களை விற்று, ஒரு செவலை மாட்டையும் வண்டியையும் வாங்கினான்.

பாதி ஊர் மாடு வாங்கி முடித்த பிறகு மந்திரி ஒரு கணக்கு வெளியிட்டார். தினம் இருபது கல் ஓடினால்தான் மாடு லாபம். குறைந்தால் குதிரையே மேல். வேறு நாட்டுக்காரர்களாக இருந்தால் ஏமாந்தோம் என்று தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார்கள். சக்கரநாட்டார் கணக்குக்குக் கட்டுப்பட்டவர்கள். மறுநாள் காலையே மாட்டை ஓட்டிக்கொண்டு கோட்டையைச் சுற்றக் கிளம்பிவிட்டார்கள்.

"ஏங்க, வண்டி கட்டிக்கிட்டு எங்க கெளம்பிட்டீங்க? பாயெல்லாம் வீட்லயே கெடக்கு" என்றாள் செண்பகம்.

"பாய் எதுக்கு? லாபம் பாக்கப் போறேன். சும்மா நின்னா மாடு நட்டம்னு மந்திரியே சொல்லிட்டாரு."

நானூறு வண்டிகள் தினமும் வெறுமனே கோட்டையைச் சுற்றின. எழும்பிய புழுதியில் செண்பகத்தின் இழுப்பு மாதத்துக்கு ஒருமுறை வந்தது போய் வாரத்துக்கு ஒருமுறை என்றானது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான். ஆனால் ஆவுடையப்பனுக்கு மாடு லாபத்தில் இருப்பதாக நிம்மதி.

ஒருநாள் அந்தப் புழுதி அரசரின் பல்லக்குக்குள்ளும் புகுந்தது. அரசர் தும்மினார். உடனே சபை கூடியது.

"வீதியில் தண்ணீர் தெளிக்கலாம்" என்றார் ஒரு புது அதிகாரி. அவரை அன்றே எல்லைப்புறத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

"மன்னா, குற்றம் கிழமாடுகளுடையது" என்றார் தீவன மந்திரி. "வயதான மாடு காலை இழுத்து நடக்கும். இழுத்த கால் புழுதி கிளப்பும். பத்து வயது முடிந்த மாடு சுங்கச்சாவடியைத் தாண்டக் கூடாது. தாண்ட வந்தால் தோல் கிடங்குக்கு அனுப்பப்படும்."

ஒவ்வொரு மாட்டின் கொம்பிலும் கடைசித் தேதி பொறித்த தகரம் கட்டப்பட்டது. மானியமும் நின்றது, பருத்திக்கொட்டை கொள்ளு விலைக்கு ஏறியது. அப்படியானால் குதிரைக்காரர்கள் பிழைத்தார்களா என்றால் அதுவும் இல்லை. அரண்மனைக் களஞ்சியத்தில் உமி மிதமிஞ்சிக் கிடந்ததால், கொள்ளில் ஐந்தில் ஒரு பங்கு உமி கலக்க உத்தரவானது. குதிரை தாங்குமா என்று கேட்டதற்கு, "குதிரைகளிடமிருந்து இதுவரை எழுத்துப்பூர்வமான ஆட்சேபம் வரவில்லை" என்றார் மந்திரி.

செவலையின் தகரத்தில் இருந்த தேதி முடிந்த மறுநாள் காலை, செண்பகத்துக்கு மூச்சு முட்டியது. உதடு நீலம் பாரித்தது. ஆவுடையப்பன் பக்கத்து வீட்டுச் சங்கிலிமுத்துவிடம் குதிரை கேட்டு ஓடினான். குதிரை உமி தின்ற வயிற்றோடு படுத்துக் கிடந்தது. வேறு வழியில்லை. செவலையைப் பூட்டினான். பத்து வயது என்று தகரம்தான் சொன்னது. செவலை ஒரே மூச்சில் சாவடிக்கு வந்து நின்றது.

"யோவ், நில்லுய்யா. தகரத்தக் காட்டு" என்றான் காவலன். "நேத்தோட முடிஞ்சுபோச்சே."

"ஐயா, அவளுக்கு உசுரு போகுதுங்கய்யா."

"எனக்குக் கண்ணு தெரியுதுய்யா. தகரத்துக்குத் தெரியணுமே."

செவலையை அவிழ்த்து ஓரமாகக் கட்டிவிட்டார்கள். ஆவுடையப்பன் மனைவியைப் பார்த்தான். நெஞ்சு ஏறி இறங்குவது நின்று நின்று நடந்தது. நேரே போய் நுகத்தடியைத் தன் தோளில் தூக்கி வைத்துக்கொண்டான்.

காவலன் சட்டப்புத்தகத்தைப் புரட்டினான். குதிரை, மாடு, கோவேறு கழுதை, ஒட்டகம். "மனுசனுக்கு ஒண்ணும் போடல" என்றான். "போலாம்."

செண்பகம் பிழைத்துக்கொண்டாள். சாயங்காலம் அவளை வண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு திரும்பியபோது, சாவடியில் தீவன மந்திரியே மாலையோடு காத்திருந்தார். செவலை கட்டியிருந்த இடத்தில் கயிறு மட்டும் கிடந்தது. அதைப் பார்த்ததும் ஆவுடையப்பனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மந்திரியோடு வந்த எழுத்தர்கள் அதை ஆனந்தக் கண்ணீர் என்று எழுதிக்கொண்டார்கள்.

"குதிரையா மாடா என்ற நெடுநாள் வழக்கு இன்று தீர்ந்தது" என்று மந்திரி கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "கொள்ளு வேண்டாம், பருத்திக்கொட்டை வேண்டாம், புழுதியும் இல்லை. குடிமக்கள் தாமாகவே முன்வந்து இந்த வழியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அரசர் பல காலமாகப் பல்லக்கில் செல்வதன் பொருள் இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும்."

கூட்டம் கைதட்டியது. காவலன் ஆவுடையப்பனின் மணிக்கட்டில் ஏதோ கட்டிவிட்டு, வழிவிட்டான்.

பாலம் தாண்டியதும் செண்பகம் எட்டி அவன் கையைப் பார்த்தாள்.

"ஏங்க, இது மாட்டுக் கொம்புல கட்டுற தகரமாச்சே. தேதி போட்டிருக்கு."

"என்ன தேதி?"

அவள் விரல் விட்டு எண்ணினாள். "இன்னிலேருந்து பத்து வருசம்."

ஆவுடையப்பன் நுகத்தடியைத் தோள் மாற்றிக்கொண்டான். கொஞ்ச தூரம் யோசித்தபடியே இழுத்தான்.

"தினம் இருபது கல் ஓடினா லாபந்தான் செண்பகம்" என்றான்.