லூர்துவுக்கு நான் சொன்ன ஓம்

மட்டக்களப்பு,
வெள்ளி காலை.

ஆண்டவர் அருளால் கொழும்பில் நலமாயிருக்கும் என் தம்பி மகள் றொசானிக்குப் பெரியப்பா செபஸ்தியாம்பிள்ளை எழுதுவது. இங்கு யாவரும் சுகம். நன்றியைப் போனிலேயே சொல்லலாம். ஆனால் நடந்ததற்குப் பிறகு போனில் வாய் திறக்கப் பயமாயிருக்கிறது.

நீ வந்த அன்று என் அழுகையில் பாதிதான் உனக்கு விளங்கியிருக்கும், ஆகையால் முழுவதையும் எழுதுகிறேன். போன மாதம் வாழைச்சேனையிலிருந்து மீன் வியாபாரி லூர்து போன் எடுத்தார், அவர் பக்கம் படகு இரைச்சல், என் பக்கம் வாவிக் காற்று, ஒன்றும் விளங்காமல் மரியாதைக்கு "ஓம், ஓம்" என்று ஆமாம் போட்டேன். ஞாயிறு பூசை முடிந்து வந்தால் வாசலில் வேன், கேக், இரண்டு வாழைக்குலை, புதுச்சட்டையில் அவர் மகன் பிறின்ஸ்! நம் மேர்லினை அவனுக்குத் தர நான் சம்மதித்தேனாம். மேர்லின் கதவைச் சாத்திக்கொண்டு, "அப்பா, நான் ஓம் சொன்னனானா?" என்றாள். கெட்ட காலத்துக்கு, அன்றுதான் கோயிலில் யாக்கோபின் கடிதத்தை வாசித்தேன்: ஆணையிடாதே, உன் ஆம் ஆமாகவே இருக்கட்டும் என்று. வாசித்த வாயாலேயே மறுப்பதா? மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

நீ படிப்பிக்கும் மொழித் தத்துவம் என்றால் எழுவாய் பயனிலை என்றே நினைத்திருந்தேன், மன்னித்துக்கொள். "பெரியப்பா, ஒரு சொல்ல ஆர், ஆருக்கு, என்னத்துக்குச் சொன்னதெண்டு பாக்காம அர்த்தம் சொல்லேலாது. சத்தியம் பண்ணிப் பண்ணிப் பொய் சொன்ன ஆக்களுக்கு, சத்தியம் வேணாம், உண்மையச் சொல்லுங்க எண்டதுதான் அந்த வசனம். நீங்க சொன்னது 'கேக்குது' எண்ட ஓம். அத வாக்கெண்டு சாதிச்சாத்தான் பொய். மேர்லின்ட கலியாணத்துக்கு அவள்தான் ஓம் சொல்லோணும்" என்றாயே, அன்றைக்குத்தான் மகளே எனக்குப் பசித்தது. உண்மையில் போனில் எனக்கு ஒன்றும் கேட்கவும் இல்லை என்பதை மட்டும் உன்னிடம் மறைத்துவிட்டேன்.

அடுத்த நாளே பஸ் ஏறிப் போய் உள்ளதைச் சொன்னேன். லூர்துவின் முகம் கறுத்தது, பிறகு சிரித்துவிட்டார். "அண்ண, அந்த இரைச்சலுக்க எனக்கும் உங்கட ஓம் மட்டுந்தான் கேட்டது!" பிறின்ஸ்தான் தலை குனிந்து, "அவங்களிட்டக் கேக்காம வந்தது பிழை மாமா" என்றான். நட்பும் போகவில்லை, வேதமும் பொய்க்கவில்லை, பிள்ளையும் என்னோடு கதைக்கிறாள். எல்லாம் உன்னால். உன் படிப்புக்கு மாதா என்றும் துணை நிற்பாராக.

அன்புள்ள பெரியப்பா,
செபஸ்தியாம்பிள்ளை

பி.கு.: கடிதத்தை ஒட்டும் நேரம் மேர்லின் வந்தாள். மன்னிப்புக் கேட்க வந்த பிறின்ஸோடு ஒன்றரை மணித்தியாலம் கதைத்தாளாம், ஞாயிறு சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறாளாம். "உங்களுக்கும் விருப்பமாப்பா?" என்கிறாள். இறால் எத்தனை கிலோ வாங்க என்று மட்டும் கேட்டேன்.