குடும்பப் பெயர் கட்டாயம்

அஸ்தினாபுரம் மோகன்ராஜ் பேராசிரியர் ஆவதற்கு வேண்டிய ஆறு ஆய்வுக் கட்டுரைகளில் இன்னும் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. தாம்பரத்துப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் இணைப் பேராசிரியராக இருந்தார். வயது ஐம்பத்து நான்கு. இந்த முறை விட்டால் 'இணை'யோடு இணைபிரியாமல் ஓய்வுபெற வேண்டியதுதான்.

கட்டுரை தயாராகத்தான் இருந்தது. அஸ்தினாபுரம் மழைநீர்க் கால்வாயில் கொசுப் புழுக்கள் எப்படி வளர்கின்றன என்று மூன்று வருடம் குனிந்து பார்த்து எழுதியது. வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்று அதைப் பெருமகிழ்ச்சியுடன் பெற்று, பெருமகிழ்ச்சியுடன் திருப்பி அனுப்பியது. மேற்கோள் பட்டியலில் ஆண்டுக்குப் பின் கால்புள்ளி வைத்திருந்தாராம், முற்றுப்புள்ளி வைக்க வேண்டுமாம். வைத்தார். இதழின் பெயர் சாய்ந்த எழுத்தில் இல்லையென்று மறுபடி திரும்பியது. சாய்த்தார். அதற்குப் பக்கத்தில் இருந்த எண்ணும் சேர்ந்து சாய்ந்துவிட்டதென்று மறுபடியும் வந்தது. நிமிர்த்தினார்.

கொசுவைப் பற்றி மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாம் கண்டுபிடித்தது உண்மைதானா என்று அவருக்கே சந்தேகம் வந்தது. ஆனால் உண்மையைச் சரிபார்க்க இதழின் படிவத்தில் எங்கும் கட்டம் இல்லை. புள்ளியைச் சரிபார்க்கத்தான் இருந்தது.

ஒருவழியாகக் கட்டுரை வெளிவந்தது. ஆறு கட்டுரைகளையும் இதழ் முறைப்படி பட்டியலிட்டு, பதவி உயர்வுக் குழுவின் முன் போய் உட்கார்ந்தார்.

குழுத் தலைவர் ஸ்ரீரங்கன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஆறும் பிரமாதம். யாரு இந்த மாணிக்கவேல்?"

"எங்கப்பா சார்."

"அப்பா எழுதினதை நீங்க கொண்டுவந்து காட்டலாமா?"

"எழுதினது நான்தான் சார். அந்த இதழ்கள்ல குடும்பப் பெயர் கட்டாயம். சிவப்பு நட்சத்திரம் போட்டிருப்பான். நமக்கு ஏது சார் குடும்பப் பெயர்? கட்டத்தைக் காலியா விட்டா அடுத்த பக்கம் போகாது. பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரி அப்பா பேரைப் போட்டேன். அவங்க என் பேரை ஓரெழுத்தாச் சுருக்கி, 'மாணிக்கவேல், எம்.'னு அச்சடிச்சுட்டாங்க."

தமிழ்நாட்டில் குடும்பத்துக்கு ரேஷன் கார்டு உண்டு, பெயர் கிடையாது என்ற விவரம் குழுவுக்கும் தெரியும். ஆனால் அது தெரிந்ததாக ஆவணத்தில் இல்லை.

உறுப்பினர் ஹில்டா இரக்கமுள்ளவர். "தகுதி யார்கிட்ட இருக்கோ அவருக்குத்தானே கொடுக்கணும்? அப்பா என்ன பண்றார்?"

"கோவளத்துல மீன் ஏலம் விட்டுக்கிட்டிருந்தார் மேடம். இப்ப என்னோடதான் இருக்கார். டிவி பார்க்கறார்."

"வயசு?"

"எண்பத்தொண்ணு."

"வரம்பு தாண்டிடுச்சே. அடடா, நல்ல ஆராய்ச்சியாளர்."

மாணிக்கவேலின் சேவையைக் கல்லூரி பயன்படுத்திக்கொள்ளத் தவறியதற்குக் குழு தன் ஆழ்ந்த வருத்தத்தைப் பதிவுசெய்தது. மோகன்ராஜ் எழுந்தபோது ஒன்று கேட்டார்: "தப்பா நினைக்காதீங்க சார். உங்க கட்டுரைகள்ல எப்படிப் போட்டீங்க?"

"நாங்க வந்த காலத்துல கட்டுரையே கேட்கலை," என்றார் ஸ்ரீரங்கன் கம்பீரமாக.

மோகன்ராஜ் இதழுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். ஒரே மணி நேரத்தில் பதில் வந்தது. பெயரைத் திருத்தத் தடையேதும் இல்லை. கட்டுரையாசிரியர் மாணிக்கவேல் சம்மதக் கடிதத்தில் கையெழுத்திட்டால் போதும்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனார். விவரம் முழுவதையும் கேட்ட மாணிக்கவேல் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"அப்ப ஊரு ஒலகத்துல அதெல்லாம் என் பேர்லதான் கீதாடா?"

"ஆமாப்பா."

"ஆறும்?"

"ஆறும்தான்."

"கொசுவப் பத்தி இன்னா எழுதிக்கீறேன் நானு?"

மோகன்ராஜ் சுருக்கமாகச் சொன்னார். கிழவர் நெடுநேரம் தலையாட்டினார். "நல்லாத்தான் எழுதிக்கீறேன். கையெழுத்துலாம் போட முடியாது, போடா. இவ்ளோ கஸ்டப்பட்டு எழுதிக்கினு தூக்கி ஒங்கிட்ட குடுத்துடுவனா?"

மறுநாளிலிருந்து மாணிக்கவேல் பால் பூத்தில் கொசு பற்றி அபிப்பிராயம் சொல்ல ஆரம்பித்தார். இதழிலிருந்து, இன்னொருவரின் கட்டுரையை மதிப்பிட்டுத் தரும்படி அவருக்கு வேண்டுகோள் வந்தது. "கொசுன்னா அடிக்கணும். இன்னாத்துக்கு எழுதிக்கினு?" என்றார். மோகன்ராஜ் அதை ஆங்கிலத்தில் தட்டி அனுப்பினார். இத்தனை தெளிவான மதிப்புரை அண்மைக் காலத்தில் வந்ததில்லை என்று ஆசிரியர் குழு நன்றி தெரிவித்தது.

மனைவி புஷ்பலதாதான் வழி கண்டுபிடித்தாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள். "உங்க எழுத்து உங்கப்பா பேர்ல போகுதுன்னா, வெண்ணிலா எழுதறது யார் பேர்ல போகும்?"

மகள் வெண்ணிலா பல் மருத்துவக் கல்லூரியில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். தேடிப் பார்த்தார்கள். கடைவாய்ப் பல் குறித்து 'மோகன்ராஜ், வி.' எட்டுக் கட்டுரைகள் எழுதியிருந்தார். தேவைக்கு இரண்டு அதிகம்.

மகள் வாங்கிய மார்க்கில் அப்பா பாஸாகலாமா என்று மோகன்ராஜ் ஓர் இரவு முழுக்கப் புரண்டார். விடிந்ததும் மேற்கோள் பட்டியலைத் தயாரித்தார்.

குழு மீண்டும் கூடியது.

"விலங்கியல்ல இருந்துகிட்டு பல்லு பத்தி எழுதியிருக்கீங்களே?" என்றார் ஸ்ரீரங்கன்.

"விலங்குக்கும் பல் உண்டு சார்."

"முதலெழுத்து 'வி'ன்னு இருக்கே?" என்றார் ஹில்டா.

"விதிப்படி குடும்பப் பெயர்தானே மேடம் முக்கியம்?"

புள்ளி, கால்புள்ளி அனைத்தும் உரிய இடத்தில் இருப்பதைக் குழு உறுதிசெய்தது. கொசுவிலிருந்து கடைவாய்ப் பல் வரை விரிந்த பார்வையைப் பாராட்டி, மோகன்ராஜைப் பேராசிரியராக்கி ஆணை பிறப்பித்தது.

அடுத்த வாரம் ஒரு மாலை, அதைக் கொண்டாடப் புஷ்பலதா கேசரி கிளறினாள். "நானு எழுதுனப்பக் குடுக்காம இவனுக்குக் குடுத்துக்கீறானுங்க," என்று முனகிக்கொண்டே மாணிக்கவேல் இரண்டாம் தட்டு வாங்கிக்கொண்டார்.

வெண்ணிலா வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்தாள்.

"என்னம்மா?"

"பட்டம் தர முடியாதுன்னுட்டாங்கப்பா. என் பேர்ல ஒரு கட்டுரைகூட இல்லையாம். எல்லாம் மோகன்ராஜுன்னு ஒரு சீனியர் எழுதினதாம். அவர் போன வாரம்தான் அதை வெச்சுப் பேராசிரியர் ஆனாராம். ஆணையைக் காட்டறாங்க."

மோகன்ராஜின் வாயில் இருந்த கேசரி அங்கேயே நின்றது.

"திருத்தறதுன்னா நீங்கதான் கையெழுத்துப் போடணுமாம்," என்றாள்.

போட்டால் பதவி போய்விடும். அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா டிவியைப் பார்த்தார்.

"அவசரப்படாதே கண்ணு," என்றார் மோகன்ராஜ். அந்தக் குரல் அவருக்கே யாரோ ஒரு குழுத் தலைவரின் குரல்போலக் கேட்டது. "உனக்கும் கல்யாணம் ஆகும், குழந்தை பிறக்கும். அது படிச்சு நாலு கட்டுரை எழுதினா, உனக்குத் தன்னால வந்துடும்."

புஷ்பலதா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அவளுக்கு எங்க வரும்? அது மாப்பிள்ளைக்குப் போகும்," என்றாள். "அவரும் நல்லவராத்தான் இருப்பார். கையெழுத்து மட்டும் போடமாட்டார்."