முந்திக்கொண்ட வாத்து

ஒரு காட்டில், விலங்குகளுக்கென்று ஒரு பல்கலைக்கழகம் நடந்துவந்த காலத்தில், குமுதவல்லி என்றொரு வரித்தலை வாத்து அங்கே இரண்டாம் ஆண்டு படித்துவந்தது. ஒவ்வொரு பங்குனியிலும் அது பனிமலையைத் தாண்டி வடக்கே ஓர் ஏரிக்குப் போகும். அங்கே பள்ளிக்கூடம் கிடையாது. கோடையில் பொரிக்கும் குஞ்சுகளுக்குக் குமுதவல்லிதான் எழுத்துச் சொல்லிக்கொடுக்கும். உயிரெழுத்து முடிவதற்குள் இங்கே வகுப்புகள் தொடங்கிவிடும், ஓடிவர வேண்டும். அப்படியும் வருகைப்பதிவு குறைந்தது. இன்னொரு முறை குறைந்தால் தேர்வெழுத முடியாது என்று அலுவலகத்து ஆமை சொல்லிவிட்டது.

அந்த நேரம் பார்த்து மாணவர் தலைவர் மயில் சிகாமணி, வெளிநாடு போய் ஏழைக் குஞ்சுகளுக்குக் கல்வி புகட்டும் திட்டம் ஒன்றை அறிவித்தது. அதில் போகிறவர்களுக்கு எத்தனை நாளானாலும் ஓ.டி. உண்டு, வகுப்பில் இருந்ததாகவே கணக்கு. குமுதவல்லி முதல் ஆளாகச் சேர்ந்தது. ஏரி இருக்கும் இடத்தையும் அதுவே சொன்னது. எல்லோரும் கைதட்டினார்கள். தனக்குச் சிறகு இருப்பதால் செலவே இல்லை, பங்குனி பிறந்ததும் கிளம்பிவிடலாம் என்று அது சொன்னபோதுதான் கைதட்டல் நின்றது.

பொருளாளர் முள்ளம்பன்றி தணிகைவேல் பக்கத்தில் வந்து, "செலவே இல்லாத தொண்டுக்கு யாரு வல்லி நிதி குடுப்பா?" என்று தணிவாகக் கேட்டது.

ஆகவே நிதி திரட்டினார்கள். ஆற்றுத்துறையில் எருமைகளைக் குளிப்பாட்டிக் காசு வாங்கினார்கள். குளித்த எருமை நேரே சேற்றுக்குப் போய்ப் புரண்டுவிட்டுத் திரும்பவும் வரிசையில் வந்து நின்றதால் வருமானத்துக்குக் குறைவில்லை. பதாகைக்கு எழுத்தறியாத குஞ்சு ஒன்றின் படம் தேவைப்பட்டது. குமுதவல்லியையே கழுத்தைத் தொங்கப்போட்டு உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தது. படத்தின் கீழே 'எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது' என்று போட்டிருந்ததில் இருந்த பிழைகளையும் அதுவே திருத்திக்கொடுத்தது.

பங்குனி போயிற்று. மற்ற வாத்துகள் கிளம்பிவிட்டன. திரண்ட நிதியில் தொடக்க விழா வைத்தார்கள். தலைமை தாங்க வந்த யானைக்குப் போர்த்த, கையிலிருந்த பொன்னாடைகளையெல்லாம் சேர்த்துத் தைத்தும் பாதி முதுகுக்குத்தான் எட்டியது. மறுபடியும் எருமை குளிப்பாட்டினார்கள். காற்று மாறினால் மலையைத் தாண்ட முடியாது, குஞ்சுகளும் சிறகு முளைத்துக் கலைந்துவிடும் என்று குமுதவல்லி சொல்லிப் பார்த்தது. வழியனுப்பு விழா முடியட்டும் என்றது மயில்.

ஒரு காலையில் குமுதவல்லி யாரிடமும் சொல்லாமல் பறந்துவிட்டது.

ஐப்பசியில் அது குஞ்சுகளோடு திரும்பியது. குஞ்சுகள் கண்ணில் பட்ட பலகைகளையெல்லாம் உரக்க வாசித்துக்கொண்டே வந்தன. ஆற்றுத்துறையில் ஓர் எருமை குளித்துக்கொண்டிருந்தது. உயிர்மெய் வரைக்கும் முடித்துவிட்டோம், எல்லோரும் படித்துவிட்டார்கள் என்று குமுதவல்லி மயிலிடம் மூச்சிரைக்கச் சொன்னது. மயிலின் தோகை மெல்ல மடங்கியது.

"எல்லாருமா? ஒண்ணு ரெண்டு மக்குகூட மிச்சம் இல்லையா?"

"இல்ல."

"ஏன் வல்லி இப்படிப் பண்ணுன? வழியனுப்பு விழாவுக்கு மேடையே போட்டாச்சு."

விசாரணை நடந்தது. நிதி வாங்காமல் போனதால் அது தொண்டு அல்ல, சொந்தப் பயணம் என்று முடிவாயிற்று. ஓ.டி. கிடையாது. வருகைப்பதிவு குறைந்தது, தேர்வெழுதும் தகுதி போயிற்று. குமுதவல்லியின் படிப்பு அத்தோடு நின்றது.

சிகாமணிக்கு மனசு கேட்கவில்லை. மேடையும் வீணாகப் போகிறது. படிப்பை இழந்த ஏழை மாணவி ஒருத்திக்காக நிதி திரட்டப்போவதாக அன்று மாலையே அறிவித்தது. முள்ளம்பன்றி உண்டியலோடு குளத்தங்கரையில் போய் நின்றது. வடக்கிலிருந்து வந்த குஞ்சுகள் சுற்றிக்கொண்டு, உண்டியலில் ஒட்டியிருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தன. குமுதவல்லி அக்காவின் பெயர் வந்ததும் நிறுத்தின. பிறகு, தின்ன வைத்திருந்த நெல்மணியை ஆளுக்கொன்றாக உள்ளே போட்டன.

நீதி: பிறருக்கு எழுத்தறிவியுங்கள், நாளை உங்கள் பெயரில் உண்டியல் வைக்கும்போது அவர்களுக்கு வாசிக்கத் தெரிந்திருக்கும்.