போர்மேன் கணுக்காலும் என் மகன் எலெக்‌ஷனும்

தெரியாத வேலைக்கு யோசனை சொல்வதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ரெண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். ஆனாலும் என் மகன் முத்துக்குமார் சிவகாசியில் கவுன்சிலருக்கு நின்றபோது, அவனுக்கு அரசியல் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

அவன் சம்பளத்துக்குக் கபடி ஆடியவன். ஓரத்தில் பதுங்கி நிற்பான். பாடி வருகிறவன் காலைப் பின்னால் இழுத்தால் போதும், பாய்ந்து கணுக்காலைப் பிடித்துவிடுவான். (வாய் மட்டும் திறக்காது. அது அவன் அப்பா புத்தி.) முட்டி போனதும் ஆட்டத்தை விட்டுவிட்டு, சுயேச்சையாக எலெக்‌ஷனில் இறங்கினான்.

எங்கள் வார்டில் சங்கிலி அண்ணாச்சி தெருதான் பெரிசு. அண்ணாச்சி பட்டாசு ஆலையில் போர்மேன். அவர் கை காட்டுகிற ஆளுக்குத்தான் தெருவே ஓட்டுப் போடும். அவர் முகம் கோணினால் நாங்கள் வீட்டைப் பார்க்கப் போகவேண்டியதுதான்.

"அவருட்ட என்னம்மா பேசுறது?" என்றான் முத்துக்குமார்.

"பேசவே வேண்டாம்லே. பொத்துன்னு கால்ல விழு. மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன்."

காலையில், ஆலை வேனுக்காகப் பெண்கள் தூக்குவாளியோடு நிற்கிற நேரமாகப் பார்த்துப் போனோம். அண்ணாச்சி வாசலுக்கு வந்தார்.

"என்ன தங்கச்சி, இம்புட்டுத் தூரம்?"

"எல்லாம் உங்க ஆசீர்வாதத்துக்குத்தான் அண்ணாச்சி."

கண்ணைக் காட்டினேன். விழுந்தான். நல்ல மனுசன், "அட, எந்திரி தம்பி" என்று கூச்சப்பட்டுக் காலைப் பின்னால் இழுத்தார்.

இழுத்திருக்கக் கூடாது.

ஒரே பாய்ச்சல். கணுக்கால் இவன் ரெண்டு கைக்குள்ளும் இருந்தது. அண்ணாச்சி மல்லாக்க விழுந்து, "ஐயோ" என்று சத்தம் போட்டார். ஆலையில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. போர்மேன் கத்தினால் தீ என்றுதான் அர்த்தம்; என்ன ஏது என்று கேட்கமாட்டார்கள். கையில் இருப்பதைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடுவார்கள். ஓடினார்கள். தெரு காலி. தூக்குவாளிகள் மட்டும் உருண்டன. (நானும் பழைய ஆலைக்காரிதான். முக்குக் கடை வரை ஓடிய பிறகுதான், வேட்பாளரைப் பெற்றவள் நான் என்கிற நினைப்பே வந்தது.)

திரும்பி வந்தால், இவன் இன்னும் விடவில்லை.

"விடுலே, மூதேவி."

"இன்னும் விசில் அடிக்கலையேம்மா."

அண்ணாச்சி எழுந்து, வேட்டியைத் தட்டி, நொண்டிக்கொண்டே உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

ஓட்டுப் பதிவன்று காலில் கட்டோடு வந்தார். பின்னால் தெருவே வந்தது. என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. ஓட்டு எண்ணி முடிகிறவரை மகன் சுவரைப் பார்த்துக் குந்தியிருந்தான்.

ஜெயித்துவிட்டான். அந்தத் தெரு ஓட்டுத்தான் அவனைக் கரையேற்றியது. நேரே அண்ணாச்சி வீட்டுக்கு ஓடினேன்.

"எங்க மேல கோவம் இல்லையா அண்ணாச்சி?"

"கோவம் இருக்கு தங்கச்சி. ஜெயிச்சா ஆபீசுக்குப் போயிருவான். தோத்தா மறுபடியும் என் வாசலுக்குல்லா வருவான்? எனக்கு இன்னொரு கால்தான் மிச்சம் இருக்கு."

இப்போது எங்கள் வீட்டு விசேஷங்களில் கவுன்சிலர் குனிந்தாலே பெரியவர்கள் எல்லாரும் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். போன பொங்கலுக்கு என்னிடமும் ஆசீர்வாதம் வாங்க வந்தான். பெற்ற மகன்தான். இருந்தாலும் கட்டில்மேல் ஏறி உட்கார்ந்து, காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்ட பிறகுதான் திருநீறு பூசினேன்.