திமிங்கலப் படம் போட்ட டின்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நலம் என்று எழுதினால் பொய். அங்கே நலமா என்று கேட்க எனக்கு முகமில்லை. ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் என் வாயில் வந்ததெல்லாம் பீர் பேசிய பேச்சு. அந்த பீரும் என் தலையில் கட்டப்பட்டதுதான். என் காலத்தில் பீர் என்றால் பழுப்பு பாட்டில், சுற்றிலும் பழைய செய்தித்தாள், ஓப்பனரைக் காணோமென்று ஒரு சண்டை, அவ்வளவுதான். இப்போது கடைக்குள் போனால் பெயின்ட் டப்பா மாதிரி சில, சென்ட் பாட்டில் மாதிரி சில, கிளி, பூனை, விண்வெளி வீரர் என்று கலர் கலராக டின்கள். "பீர் எங்கேம்மா இருக்கு?" என்று கடைப் பெண்ணைக் கேட்டேன். "நீங்க நிக்கிற இடம் பூரா பீர்தான் அங்கிள். மாம்பழம் வேணுமா, காபி வேணுமா?" என்றாள். "பீர்தாம்மா வேணும்." "அதத்தானே கேக்கறேன்!" கடைசியில் திமிங்கலப் படம் போட்ட ஆறு டின்களை அட்டைப்பெட்டியோடு கையில் திணித்தாள். தனியாக ஒன்று தரமாட்டார்களாம். எழுத்தெல்லாம் எறும்பு சைஸ். விவரம் வேண்டுமென்றால் மூலையிலுள்ள கறுப்பு வெள்ளைக் கட்டத்தைப் போனுக்குக் காட்ட வேண்டுமாம். காட்டினேன், திமிங்கலம் எப்படித் தூங்குகிறது என்று ஒரு வீடியோ ஓடியது. உள்ளே என்ன இருக்கிறதென்று கடைசிவரை சொல்லவே இல்லை.

ஒரு டின் முடிவதற்குள் எனக்குக் காது சூடாகி, நாக்கு தடித்து, நாற்காலி ஆட ஆரம்பித்துவிட்டது. அந்த நேரம் பார்த்தா நீங்கள், பேசி வைத்தபடி குடும்பத்தோடு எங்கள் மாடிக்குக் குடிவந்ததும் என் செருப்பு ஸ்டாண்டை இடம் மாற்றப்போவதாகச் சொல்ல வேண்டும்? "சம்பந்தி, நீங்க மாடிக்கு வந்தா நான் வீட்டை வித்துட்டு ஓடிடுவேன்" என்று உளறிவிட்டேன். நீங்கள் கைகூடக் கழுவாமல் போனீர்கள். உங்கள் மருமகள், அதாவது என் மகள், அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. காபியை வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து "ஆறுது" என்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. போதையில் சொன்னதை மனதில் வைக்காமல் வந்துவிடுங்கள். ஸ்டாண்டை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம், மாப்பிள்ளைக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
நிமிர்ந்து பார்க்க முடியாத
உங்கள் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டப்போன நேரத்தில் மகள் வாய் திறந்தாள். குப்பையிலிருந்து டின்னை எடுத்துவந்து, என் மூக்கில் கண்ணாடியை மாட்டி, "அப்பா, இதுல ஆல்கஹாலே கிடையாது. சுத்த ஜீரோ. இப்ப இதுதான் ஃபேஷன்" என்றாள். அப்படியென்றால் நான் பேசியது முழு நிதானத்திலா? மேலே கேட்ட மன்னிப்பு எதற்கென்று எனக்கே புரியவில்லை. இன்னொன்றும் புரியவில்லை. ஸ்டாண்டுப் பேச்சு வருவதற்கு முன், நீங்களும் அதே திமிங்கல டின் ஒன்றைக் குடித்துவிட்டுத்தானே என் தோளில் கைபோட்டு, "எனக்குக் கூடப்பிறந்தவன் இல்ல சம்பந்தி, நீங்கதான்" என்று கண்கலங்கினீர்கள்? குடித்தவர் பேச்சு என்று நான் சிரித்துவிட்டேன். அதுவும் நிதானத்தில் சொன்னதுதானா? அதை மட்டும் உடனே எழுதுங்கள். மாடிச் சாவியை நான் யாருக்கும் கொடுக்கவில்லை.