டெய்லர் மாஸ்டர் எடுத்த குரல் அளவு

மனைவியைப் பாட வைக்காமல் விடுவதில்லை என்று டெய்லர் மாஸ்டர், ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருக்கும்போது சபதம் செய்தார். சபதத்துக்கு அவசியம் வந்ததே அவரால்தான். பதினாலு வருஷத்துக்கு முன்னால், அந்த அம்மாள் துணி மடித்துக்கொண்டே ஏதோ முணுமுணுவென்று பாட, இவர் தலையைத் தூக்காமல், "மிஷினுக்கு எண்ணெய் விடணும் போல இருக்கே, கிறீச்சுங்குது" என்று வேடிக்கையாகச் சொல்லித் தொலைத்தார். அன்றைக்கு மூடிய வாய். பேச்சுக்குத் திறந்தது. பேச்சுக்கு மட்டும் நன்றாகவே திறந்தது. பாட்டுக்குத் திறக்கவே இல்லை.

அந்த முணுமுணுப்பு இல்லாத வீடு நன்றாக இல்லை என்பது அவருக்கு மெதுவாகத்தான் உறைத்தது. மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஆனால் ஒரு புருஷனுக்கு அதைவிடச் சுலபம், சொந்தமாக ஒரு பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, அதைப் பாடு என்று கையில் கொடுப்பது.

ரவிக்கை தைக்க வந்த கீபோர்டு டீச்சரிடம் ரகசியமாகப் பேசினார். அடுத்த மாசம் கல்யாண நாள், ஞாயிற்றுக்கிழமை. மைத்துனி குடும்பத்தோடு வருவாள். அதற்குள் பாட்டு தயாராக வேண்டும். டீச்சர் ஒரு பழைய கீபோர்டை இரவல் கொடுத்தார். அது கடை அறையில், இஸ்திரி மேஜைக்கு அடியில், போர்வைக்குள் ஒளிந்துகொண்டது.

முதல் பாடத்துக்கு மாஸ்டர் நிலா, தென்றல், தேன் எல்லாம் போட்டு ஒரு முழுப் பக்கம் எழுதிக்கொண்டு போனார்.

"இதுல உங்க வீட்டம்மா எங்க இருக்காங்க மாஸ்டர்?"

"நிலான்னு வருதே. அதான்."

"நிலாவுக்குத் தைச்சா அவங்களுக்கு எப்படிப் பொருந்தும்? உங்களுக்குத் தெரிஞ்சதை எழுதுங்க."

மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு இரண்டு வரி பிடித்தார்.

ஊசி நுழைஞ்ச வழியில நூலும் வருது,
நீ நடந்த வழியில என் காலும் வருது.

"அட, இதுதான் பல்லவி" என்றார் டீச்சர். "திரும்பத் திரும்ப வரணும். இடது கையில மூணு கட்டையை ஒண்ணா அமுக்கினா ஒரு கார்ட். மூணே மூணு கார்ட் போதும். அவங்க பாடும்போது உங்க கை அடங்கியிருக்கணும். வாத்தியம் குரலுக்குத் துணை, குறுக்கே பேசக்கூடாது."

"அது வீட்டுல பழக்கந்தான்."

"அப்புறம் பாடறவங்க குரலோட அளவு. எவ்வளவு மேல போகும், எவ்வளவு கீழ போகும்னு தெரியணும். அளவெடுக்காம துணியை வெட்டுவீங்களா?"

அளவு என்ற வார்த்தையைக் கேட்டதும் மாஸ்டருக்குத் தொழில் ரத்தம் சூடேறியது. துணியில் கோடு போடும் சாக்பீஸால் கீபோர்டின் வெள்ளைக் கட்டைகளுக்கெல்லாம் நம்பர் போட்டார். நேரே போய், "ஒரு தடவை பாடிக் காட்டு" என்று கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். அவளுக்குத் தெரியாமலேதான் அளவெடுக்க வேண்டும்.

மேல் அளவு எடுப்பதில் சிரமமே இல்லை. குளித்துவிட்டு ஈரத்துண்டைக் கட்டில் மேல் போட்டார்.

"என்னங்க!"

மாஸ்டர் கடை அறைக்கு ஓடினார். போர்வைக்குள் கையை விட்டு ஒவ்வொரு கட்டையாக அமுக்கிப் பார்த்தார். அளவு நோட்டில், ஒரு பேன்ட்டின் இடுப்பளவுக்குக் கீழே எழுதினார்: மனைவி, மேல் 24.

கீழ் அளவுதான் உயிரை வாங்கியது. சந்தோஷமாக இருந்தால்தான் அந்த அம்மாளின் குரல் தணியும். சந்தோஷப்படுத்திப் பார்த்து மாஸ்டருக்கு வெகு நாளாயிற்று. யோசித்து, ஏழு மாசமாகச் சொட்டிக்கொண்டிருந்த சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினார்.

"ம்... சத்தம் நின்னுடுச்சே" என்றாள் மனைவி, தணிந்த குரலில். பதிமூன்று. ஓடி வந்து குறித்துவிட்டு மாஸ்டர் மறுபடி எட்டிப் பார்த்தார். "இந்த ஃபேனைத்தான் கண்கொண்டு பார்க்க முடியலை" என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஏணி வந்தது. ஃபேன் பளபளத்தது.

"பரவாயில்லையே நீங்க." பன்னிரண்டு.

இன்னும் இறங்கும் என்று தொழில் அனுபவம் சொன்னது. அரைகுறை அளவில் அவர் எதையும் வெட்டியதில்லை. குடிவந்த நாளாக விளிம்பு மடிக்காமல் தொங்கிய திரைச்சீலைகளை மடித்துத் தைத்தார். பதினொன்று. கடைசியாக அலமாரியின் அடியில் கை வைத்தார். ஊருக்கெல்லாம் மூன்று நாளில் ரவிக்கை தைத்துக் கொடுப்பவர், மனைவியின் மூன்று ரவிக்கைத் துணிகளை ஒன்றரை வருஷமாகத் துணியாகவே வைத்திருந்தார். மூன்றையும் தைத்து, கொக்கி வைத்து, மடித்து நீட்டினார்.

அவள் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். "நல்லா இருக்குங்க" என்றாள். குரல் தரையைத் தொட்டது. பத்து.

பல்லவியைக் கொஞ்சம் மேலே தொடங்கச் சொன்னார் டீச்சர். மாஸ்டருக்கு மனசு வரவில்லை. நாலு வேலை செய்து சம்பாதித்த கட்டை. பத்திலேயே தொடங்கினார்.

ஞாயிறு பிற்பகல் மைத்துனி குடும்பமும் டீச்சரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மாஸ்டர் கீபோர்டை வெளியே எடுத்தார். தாளை மனைவி கையில் கொடுத்தார். அவள் மறுக்கவில்லை. இரண்டு நாள் முன்னாலேயே கையில் கிடைத்த தாள் மாதிரி சரளமாகப் படித்தாள். அது ஏன் என்று அவருக்கு அப்போது தோன்றவில்லை.

முதல் கார்ட் அமுக்கினார். அவள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றாள். மறுபடி காற்று.

பதினாலு வருஷம் கழித்துத் திறந்த வாயைத் தானே கெடுத்துவிட்டோம் என்று மாஸ்டர் நினைத்தார். "அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்று, எல்லார் முன்னாலும், வாய்விட்டே சொல்லிவிட்டார்.

"தெரியும்" என்றாள் அவள். கையை நீட்டி, கீபோர்டின் ஓரத்திலிருந்த சின்னப் பட்டனை ஐந்து தடவை அமுக்கினாள். "இப்ப வாசிங்க."

அதே கட்டைகளை அமுக்கினார். சத்தம் மேலே வந்தது. அவள் பாடினாள். கணீரென்று இல்லை. கொஞ்சம் கரகரத்தது, ஒரு இடத்தில் நடுங்கியது. மாஸ்டர் அவள் மூச்சு விட்ட இடத்திலெல்லாம் கையைத் தூக்கிக்கொண்டு, கண்ணைத் துடைக்கக் கை இல்லாமல் வாசித்தார். மைத்துனி இன்னொரு தடவை கேட்டாள். இன்னொரு தடவையும் பாடினாள்.

எல்லாம் முடிந்த பிறகுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது. "அது என்ன பட்டன்?"

"மொத்தப் பாட்டையும் மேல கீழ நகர்த்தும். யாரோட குரலுக்கும் சேர்த்துக்கலாம்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஈரத்துண்டைப் போட்டுட்டு ஓடினீங்களே, போர்வைக்குள்ளேருந்து டொய்ங்னு சத்தம் வந்துது. நேரா டீச்சர்கிட்ட போய்க் கேட்டேன்."

மாஸ்டர் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். டீச்சர் ஜன்னலைப் பார்த்தார்.

"அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான் உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னேன்."

"அப்போ அந்தப் பதிமூணு, பன்னெண்டு, பதினொண்ணு எல்லாம்?"

"நானா இறக்கினதுங்க" என்றாள் அவள் பிரியமாக. "இன்னும் ஒரு கட்டை இறங்கியிருந்தா மாடித் தொட்டியையும் கழுவியிருப்பீங்க. தொண்டைதான் ஒத்துழைக்கலை."